தேரா கடைத்தெரு: ஆவடி ரயில் தடத்திலிருந்து ஒரு வாசிப்பு

துபாயில் தேரா என்னும் பகுதியிலுள்ள தங்கக் கடைத்தெருவைப் பற்றி எழுத அம்பத்தூரில் குடியிருக்கும் ஒருவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். நான் துபாய் போனவனில்லை. போக வேண்டும் என்ற ஆசையும் பெரிதாக இருந்ததில்லை. ஆனால் அந்தக் கடைத்தெருவின் சரக்கு என் சிறுவயதிலிருந்தே எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அட்டைப் பெட்டியில் கயிறு கட்டி வந்தது. கழுத்தில் சங்கிலியாக வந்தது. சேட்டுக் கடை இரும்புப் பெட்டிக்குள் போய் மறுபடி வெளியே வந்தது. ஒரு சந்தையின் வரலாற்றை அது நிற்கும் இடத்திலிருந்துதான் எழுத வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சரக்கு போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தும் எழுதலாம். அங்கிருந்து எழுதினால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும் என்பது என் கட்சி.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இப்போது துபாய்க்கு 'டூர்' அழைத்துப்போகிறார்கள். ஒருகாலத்தில் வெல்டர், ஃபிட்டர் என்று ஆள் பிடித்து அனுப்பிய தெருவிலிருந்து இன்று சுற்றுலாப் பயணி கிளம்புகிறார். மாற்றம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. கைக்குக் கிடைத்த துண்டறிக்கை ஒன்றில் ஐந்து நாள், நான்கு இரவு. ஒரு நாள் உயரமான கட்டடம், ஒரு நாள் பாலைவனத்தில் ஜீப் சவாரி. இரண்டாம் நாள் காலை 'பழைய துபாய்' என்று போட்டிருக்கிறது. மரப்படகில் கழியைக் கடப்பது, வாசனைச் சரக்குக் கடைத்தெரு, தங்கக் கடைத்தெரு, காற்றுக் கோபுரம் வைத்த பழைய வீடுகள். பிற்பகலில் ஷாப்பிங்குக்கு நேரம் தரப்படும். பார்ப்பதும் வாங்குவதும் இங்கே ஒரே காரியமாகிவிட்டன. துண்டறிக்கையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால் முதலில் தட்டுப்படுவது இந்தப் 'பழைய' என்ற சொல்தான். அதற்கு ஆண்டு கிடையாது. அதில் மனிதர்கள் கிடையாது. ஒட்டகம், குங்குமப்பூ, தொங்கும் விளக்கு, நடுவில் ஒரு தலைப்பாகை. இவ்வளவுதான் பழமை. கீழைத்தேயத்தைக் காலமற்ற ஒரு காட்சிப்பொருளாக ஐரோப்பா எப்படிக் கட்டமைத்தது என்று எட்வர்ட் சயீத் 1978இல் எழுதினார். அந்தக் காட்சிப்பொருளை இன்று துபாய் தானே தயாரித்து விற்கிறது, வாங்குவது நாம் என்பது அவர் காலத்துக்குப் பிந்தைய விசித்திரம்.

சரி, ஆண்டுகளைப் போட்டுப் பார்ப்போம். 1833இல் அபுதாபியின் பனியாஸ் குலத்திலிருந்து பிரிந்து சுமார் 800 பேர் இந்தக் கழியோரத்துக்கு வந்து குடியேறினார்கள். இன்றைய ஆட்சிக் குடும்பத்தின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. மீனும் முத்தும் எடுக்கிற ஊர் அது. அந்தப் பகுதியின் பெரிய சந்தை எதிர்க்கரையில், பாரசீகத்தின் லிங்கா துறைமுகத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரசீக அரசு லிங்காவைத் தன் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் சுங்க நிர்வாகம் பெல்ஜிய அதிகாரிகள் கைக்குப் போய், வரி இறுகியது. இந்தக் கரையில் 1894 முதல் 1906 வரை ஆண்ட மக்தூம் பின் ஹஷர் வெளியூர் வணிகர்களுக்கு வரியில்லை என்று அறிவித்திருந்தார். லிங்கா வணிகர்கள் சரக்கோடும் குடும்பத்தோடும் படகேறி இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பஸ்தக் என்னும் ஊரின் பெயரால் அவர்கள் குடியிருப்பு பஸ்தகியா ஆனது. துண்டறிக்கையில் அரபுப் பழமையின் அடையாளமாக நிற்கும் காற்றுக் கோபுரம் அந்தப் பாரசீகக் குடியேறிகள் கொண்டுவந்த கட்டடக் கலை. பிரிட்டிஷ் இந்திய அரசு தன் அதிகாரிகளின் பயனுக்காகத் தொகுத்த லோரிமரின் வளைகுடா விவரத்தொகுப்பு (1908) தேராவில் ஏறத்தாழ 350 கடைகள் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறது. ஆக, காலங்காலமாக இருப்பதாகச் சொல்லப்படும் இந்தச் சந்தை, ஒரு சுங்கச்சாவடிக்குப் பயந்து கடல் கடந்தவர்கள் வந்த பிறகு பெருத்த சந்தை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு நாட்டின் இன்னொரு சுங்கத்தால் இதே தெரு இன்னொரு முறை பெருக்கப்போகிறது.

அந்த நாடு நம்முடையது. நமக்கும் அந்தக் கரைக்கும் இருந்த உறவு வணிகர்கள் வந்து போன கதை மட்டுமல்ல. 1909இல் துபாயில் திறந்த அஞ்சலகம் இந்திய அஞ்சல் துறையின் கிளை. அங்கே ஒட்டப்பட்டது இந்திய அஞ்சல்தலை. கடைத்தெருவில் புழங்கிய காசு இந்திய ரூபாய். பர் துபாய்ப் பக்கம் சிந்து, கட்ச் பகுதி வணிகர்கள் துணியும் முத்தும் விற்றார்கள். அங்கே எடுத்த முத்துக்கு விலை வைத்தது பம்பாய். பிரிட்டிஷ் ஆதிக்கம் அந்தக் கரையை லண்டனிலிருந்து நேரடியாக அல்ல, இந்தியா வழியாகத்தான் ஆண்டது. நம்மை அடிமையாகவே பார்த்துப் பழகிய நமது காலனிய வரலாற்றெழுத்தில், இந்தியா ஒரு துணை ஏகாதிபத்தியமாகச் செயல்பட்ட இந்தப் பக்கம் அவ்வளவாக எழுதப்படவில்லை.

முத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டி என்றோர் இடம். 1900களின் தொடக்க ஆண்டுகளில் அங்கே நடந்த பெரிய முத்துக்குளிப்புகளுக்குத் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்துத் தமிழ் முத்துக்குளிப்பவர்களோடு, பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுகளும் வந்து மூழ்கினார்கள். அதாவது நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் கூலிக்குக் கடல் கடந்து தமிழ்க் கரைக்கு வந்தவர் அரபு. அவர் தன் ஊரில் படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்கிக் கடனில் கிடந்தவர். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் பாக்கி. அடுத்த பருவமும் அதே படகு. அப்பன் கடன் மகன் தலையில் விழுவதும் உண்டு. கடனைக் கொடுத்து உழைப்பைக் கட்டிப்போடும் இந்த ஏற்பாட்டை நம்மூர் ஏஜெண்ட் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அந்தத் தொழிலை அடியோடு சாய்த்தன. முத்துப் போன பிறகு துபாய்க்கு மிஞ்சியவை கழி, படகு, வரியில்லாத துறைமுகம், பம்பாயோடு பழகிய வணிகர்கள். எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது 1966இல்தான், ஏற்றுமதி 1969இல். இடைப்பட்ட காலத்தில் ஊர் எதை வைத்துப் பிழைத்தது?

தங்கத்தை வைத்துத்தான். அந்தத் தங்கம் போய்ச் சேர்ந்த இடம் நாம்.

சுதந்திரம் வந்த 1947ஆம் ஆண்டிலிருந்தே இந்தியாவுக்குள் தங்கம் இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு. அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற வேண்டும், சேமிப்பு தொழிலுக்குப் போக வேண்டும், நகைக்குள் முடங்கக் கூடாது என்பது திட்டமிட்ட வளர்ச்சியின் தர்க்கம். அதில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வங்கிக் கிளை இல்லாத கிராமத்தில், நிலம் எழுதிவைக்கப்படாத பெண்ணுக்கு, காதிலும் கழுத்திலும் இருப்பதைத் தவிர வேறு சேமிப்பு ஏது என்று டெல்லி யோசிக்கவில்லை. தேவை குறையவில்லை, வரத்து மட்டும் அடைபட்டது. உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 35 டாலர் என்று கட்டிப்போடப்பட்டிருந்த காலத்தில், பம்பாயில் தங்கத்தின் விலை சில சமயம் ஏறத்தாழ அதன் இரு மடங்குக்குப் போனது. இந்த இடைவெளிதான் தேரா கடைத்தெருவின் மூலதனம்.

லண்டனிலும் சுவிட்சர்லாந்திலும் முறையாக வாங்கி, விமானத்தில் முறையாகத் துபாய்க்கு வரும். அங்கே அது குற்றமே இல்லை. சுங்கத் தாளில் பதிந்து, வங்கி கடன் கொடுத்து, பங்கு போட்டு நடந்த தொழில். பத்துத் தோலா கட்டிகள், ஒன்று நூற்றுப் பதினாறு கிராமுக்குச் சற்று மேல். நம்மூர் பாஷையில் பிஸ்கட். துணிச் சட்டையில் வரிசையாகப் பை தைத்து அடுக்கி, டீசல் எஞ்சின் பூட்டிய மரக்கலத்தில் ஏற்றுவார்கள். இந்தியக் கடல் எல்லைக்கு வெளியே மீன்பிடிப் படகு வந்து காத்திருக்கும். படகு கை மாறிய அந்தக் கணத்தில்தான் வணிகம் 'கடத்தல்' ஆகிறது. 1970இல் மட்டும் துபாயில் இறங்கிய தங்கம் 200 டன்னுக்கு மேல். அன்றைக்கு அந்த ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்குப் பத்துச் சங்கிலி போட்டாலும் தீராத சரக்கு. யாருக்கு வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரூபாயும் இதில் மாட்டிக்கொண்டது. வளைகுடாவில் ரூபாய்தான் நாணயம் என்பதால், தங்கத்துக்குக் கொடுத்த ரூபாய் அங்கே குவிந்து, ரிசர்வ் வங்கியிடம் ஸ்டெர்லிங் கேட்டு நின்றது. 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது. வேறு நிறம், உள்நாட்டில் செல்லாது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் இருந்தது 7.50 ஆனது. கையிலிருந்த பணம் ஒரே இரவில் கரைந்ததைப் பார்த்த துபாய், ரூபாயைக் கைவிட்டது. முதலில் கத்தாரோடு சேர்ந்து ரியால், 1973 முதல் திர்ஹம். இன்று எங்கள் தெருக்காரர் திர்ஹத்தில் சம்பளம் வாங்கி அனுப்பும்போது 'ரேட்டு என்ன' என்று கேட்கிறாரே, அந்த ரேட்டுக்கே இப்படி ஒரு பிறப்புக் கதை உண்டு.

இனி இந்தக் கரைக்கு வருவோம். 1962இல் சீனாவோடு போர். 1963 ஜனவரியில் நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் தரமுள்ள நகை செய்யக் கூடாது. இருபத்திரண்டு காரட்டில் கம்பி இழுத்துப் பழகிய கை, தலைமுறை தலைமுறையாக உலையும் ஊதுகுழலும் வைத்துக்கொண்டு ஒரு தெருவுக்கு ஒரு குடும்பம் என்று இருந்த பத்தர், ஆசாரி குடும்பங்கள், லட்சக்கணக்கானோர், ஒரு வாரத்தில் வேலை இழந்தார்கள். தற்கொலைகள் நடந்தன. தமிழ்நாட்டிலும் நடந்தன. அமிலம் கையருகே வைத்திருக்கும் தொழில். சாவதற்கு வெளியே போக வேண்டியதில்லை. பதினான்கு காரட் விதி 1966இல் விலக்கப்பட்டது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, கட்டித் தங்கம் தனியார் வைத்திருப்பதைத் தடுத்தது. உரிமம், பதிவேடு, சோதனை என்று நகைத் தொழில் முழுவதும் அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே வந்தது. 1990இல்தான் சட்டம் ரத்தானது.

பெரிய கடைக்காரர் உரிமம் வாங்கிக்கொண்டார். பதிவேடு எழுதக் கணக்கப்பிள்ளை வைத்துக்கொண்டார். ஒற்றை உலை வைத்திருந்தவர் கூலிக்காரரானார். சாதியத் தொழிலமைப்பு குலைவதை நாம் முற்போக்கென்று வரவேற்கலாம். ஆனால் இங்கே குலைந்தது சாதியல்ல, கருவியின் மேல் இருந்த உரிமை. ஒரே சட்டம் இங்கே உலையை அணைத்தது, அங்கே கடைத்தெருவுக்கு விளக்குப் போட்டது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு வரியை நான் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் பார்க்கவில்லை, நம் பொருளாதார வரலாறுகளிலும் பார்க்கவில்லை. அங்கே அது 'தொலைநோக்குள்ள ஆட்சியாளரின் சாதனை' ஆகிறது. இங்கே 'கடத்தல்காரனின் துரோகம்' ஆகிறது. துரோகத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஹாஜி மஸ்தான் கிடைத்தார். நெருக்கடி நிலையின்போது சிறையில் போட்டார்கள். லண்டனில் தங்கம் விற்றவர்கள்மேல் வழக்கில்லை. அறுபது எழுபதுகளின் தமிழ் சினிமா வில்லன் பெட்டியைத் திறந்தால் பிஸ்கட் மின்னும். அந்தப் பிஸ்கட்டை உருக்கிச் செய்த தாலியைக் கதாநாயகி கட்டிக்கொள்வாள் என்ற சந்தேகம் எந்த இயக்குநருக்கும் வரவில்லை.

இந்தக் கரையின் சூக் எது என்று கேட்டால், பர்மா பஜார் என்பேன். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்கென்று 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் கொடுக்கப்பட்ட கடைகள். ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பீச் வண்டி பிடித்தால் வாசலில் இறக்கிவிடும். டேப் ரிக்கார்டர், கைக்கடிகாரம், செண்ட்டு, ஜப்பான் துணி. சிங்கப்பூர்ச் சரக்கும் துபாய்ச் சரக்கும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. டாங்கித் தொழிற்சாலையிலும் எஸ்டேட் பட்டறைகளிலும் போனஸ் வந்த வாரத்தில் குடும்பத்தோடு போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, விலை கேட்டுவிட்டு, பெரும்பாலும் ஒன்றும் வாங்காமல் திரும்புவார்கள். அகதிகளுக்குக் கொடுத்த நடைபாதை ஒரு காட்சியிடமானது எப்படி என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதைச் சுற்றி ஐ.டி.ஐ., லேத் பட்டறை, வெல்டிங் ஷெட். இங்கே கை பழகியவர்கள் எழுபதுகளின் நடுவிலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். பத்தாவது தேறாதவர் கடவுச்சீட்டில், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, அரசு அனுமதி வேண்டும் என்று முத்திரை. ஏஜெண்டுக்குக் கொடுக்கப் பணம்? மனைவியின் நகை சேட்டுக் கடைக்குப் போகும். முதல் ஒன்றரை வருடச் சம்பளம் வட்டிக்கும் அசலுக்கும். அப்புறம் சேர்த்த பணத்தில் தேராவில் சங்கிலி வாங்கி வருவார். அடுத்த தடவை போவதற்கோ தங்கச்சி கல்யாணத்துக்கோ அந்தச் சங்கிலி மறுபடி சேட்டுக் கடைக்குப் போகும். தங்கம் ஒரு வட்டம் சுற்றுகிறது. அந்த வட்டத்தில் ஒவ்வொரு முனையிலும் ஒருவர் கழிவு எடுக்கிறார், தேராவில், ஏஜெண்ட் ஆபீஸில், அடகுக்கடையில். போட்டுக்கொள்ள வேண்டியவர் கழுத்தில் அது இருந்த நாட்கள் மிகக் குறைவு.

எங்கள் தெருவில் பதினான்கு வருடம் துபாயில் பைப் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்த அண்ணன் ஒருவரிடம் துண்டறிக்கையைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அங்க யாருப்பா சுத்திப் பாக்கப் போறது? ஊருக்குக் கெளம்பறதுக்கு முந்தின வெள்ளிக்கெழம போவோம். லிஸ்ட்டு இருக்கும் கையில. கோடாலித் தைலம் இத்தினி, பால் பவுடர் இத்தினி, மாமாவுக்கு டார்ச்சு. கடசியாத்தான் கோல்டு பஜாரு. ரேட்டு போர்டப் பாத்துக்கினே ஒரு மணி நேரம் நிப்போம், எறங்குமான்னு." படகைப் பற்றிக் கேட்டேன். "ஒரு திர்ஹம். அதான்பா சந்தோஷம். காத்து வரும். ரெண்டு தபா போய்ட்டு வந்துருவோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்க கேம்ப்பு பேரு தெரியுமா? சோனாப்பூர்" என்றார்.

முஹைஸ்னா என்பது அந்த இடத்தின் அரசுப் பெயர். ஆயிரக்கணக்கில் தொழிலாளர்களை அடுக்கிவைத்த முகாம்கள் இருக்கும் இடம். இந்திக்காரர்கள் வாயில் அது சோனாப்பூர், தங்க ஊர். கேலியா ஏக்கமா தெரியாது. தங்கத்தின் பெயரில் இரண்டு இடங்கள், ஒரே நகரத்தில். துண்டறிக்கையில் ஒன்றுதான் இருக்கிறது.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இங்கே சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை நினைவுக்கு வருகிறது. பெயரே 'சைட் சீயிங்'தான். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மதுரையைப் பார்க்கப் போகிறான். ஒன்பது மணிகளின் வீதி, நால்வகைப் பொன்னுக்கும் தனித்தனியே கொடி கட்டிய பொற்கடை வீதி, துணி வீதி, கூல வீதி என்று விரிவாகப் பார்க்கிறான். உரையாசிரியர்களும் பிற்கால ஆய்வாளர்களும் இதைப் பண்டைத் தமிழரின் வணிகச் செழிப்புக்கு ஆதாரமாக வாசித்திருக்கிறார்கள். பார்ப்பவன் யார் என்று பார்த்தால் வாசிப்பு மாறும். முதலிழந்து, ஊரை விட்டு வந்து, மனைவியின் சிலம்பை விற்கப்போகும் ஒருவன். அவன் கண்ணுக்குத்தான் அந்தக் கடைத்தெரு அப்படி மின்னுகிறது. வாங்க முடியாதவனின் பார்வை அது. ரேட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்ற எங்கள் அண்ணனின் பார்வைக்கு, பயணக் குறிப்புகளைவிட அந்தக் காதைதான் பக்கத்தில் இருக்கிறது.

பார்வையிடத்தக்க 'பழமை' எப்போது செய்யப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்பதுகளில் பஸ்தகியாவில் பாதி இடிக்கப்பட்டுவிட்டது. மிச்சத்தையும் இடிக்க இருந்தார்கள். ரெய்னர் ஓட்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் முயற்சி எடுக்க, 1989இல் வந்த பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் அக்கறை காட்ட, இடிப்பு நின்று புதுப்பிப்பு தொடங்கியது. குடியிருந்தவர்கள் போன பிறகு வீடு பாரம்பரியமானது. 2010களில் பெயரும் மாறி அல் ஃபஹிதி ஆனது. கோபுரம் நிற்கிறது, அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று சொன்ன ஒரு சொல் போய்விட்டது. 2017இல் கழியோரத்திலேயே அல் சீஃப் என்று புதிதாக ஒரு 'பழைய' கடைத்தெரு கட்டித் திறந்தார்கள். சுவரைத் திட்டமிட்டுப் பெயர்த்து, கறை படியவைத்து. சுற்றுலாத் தலங்களில் அசல் தன்மையே மேடையேற்றப்படுகிறது என்று டீன் மெக்கனல் 1976இல் எழுதியதற்கு இதைவிட நல்ல அடிக்குறிப்பு அமையாது. 2005இல் திறந்த இப்ன் பதூதா மாலில் அவர் போன நாடுகளின் பெயரில் முற்றங்கள்; இந்தியாவின் முற்றத்தில் யானை. அதே இப்ன் பதூதா மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானி கைதிகளையும் அவர்களது பெண்டுபிள்ளைகளையும் கழுவேற்றிக் கொன்றதைக் கண்டு அருவருத்து எழுதியவர். யானையை வைக்கலாம், அதை வைக்க முடியாது.

பர் துபாய்ப் பழைய சந்தைக்குள் 1958இலிருந்து இருந்த சிறு இந்துக் கோயில் 2024இல் மூடப்பட்டு ஜெபல் அலிக்குப் போனது. சந்தையிலிருந்து குடியிருப்பவர்களும் கும்பிடுபவர்களும் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருக்க, பார்ப்பவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

நண்பர்கள் இரண்டு மாதிரி எதிர்வினை செய்வார்கள் என்று தெரியும். 'அரபுக்காரன் அப்படித்தான், நம்மாளை அடிமையாக வைத்திருக்கிறான்' என்பது ஒன்று. கஃபாலா என்ற பிணையாள் முறை கொடுமையானது. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதை ஓர் இனத்தின் அல்லது மதத்தின் குணமாக்கும்போது நம் ஏஜெண்ட், நம் அடகுக்கடை, நம் குடிபெயர்வு அலுவலகம் எல்லாம் படத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. இங்கே முஸ்லிம் வெறுப்புக்குத் தீனி தேடுபவர்களுக்கு அது வசதி. மரிச்சுக்கட்டியில் மூழ்கிய அரபுக் கூலியை நினைவுபடுத்தியது இதற்காகத்தான். இன்னொன்று, 'தமிழன் கடலோடி, காயலில் அரபுக் குதிரை இறங்கிய காலத்திலேயே உலக வணிகன்' என்ற பெருமை. பாண்டியன் குதிரை வாங்கினான். யார் வரி கட்டிய பணத்தில் வாங்கினான் என்று கேட்காத வரலாறு அது. இந்தப் பெருமையும் ஒருவகைத் துண்டறிக்கைதான்.

தங்கம் இன்னும் அதே வழியில் ஏறி இறங்குகிறது. 2013இல் இறக்குமதி வரியைப் பத்து சதவீதமாக்கினார்கள், 2022இல் பதினைந்தாக்கினார்கள், 2024 ஜூலையில் ஆறாகக் குறைத்தார்கள். வரி ஏறும்போதெல்லாம் மீனம்பாக்கத்தில் 'குருவி'கள் அதிகம் பிடிபடுகிறார்கள். பசையாக்கி, உடம்புக்குள் வைத்து. பிடிபடும் பையன்கள் பெரும்பாலும் டிக்கெட்டுக்கும் சில ஆயிரத்துக்கும் ஒப்புக்கொண்டவர்கள். 2022 மே முதல் இரண்டு நாடுகளுக்கும் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது; அதில் தங்கத்துக்குக் குறைந்த வரியில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அது பெரிய இறக்குமதியாளருக்கு. குருவிக்கு ஒப்பந்தம் கிடையாது.

அம்பத்தூர் மார்க்கெட் பக்கம் எழுபதைத் தாண்டிய பத்தர் ஒருவர் இன்னும் பலகைக் கடை வைத்திருக்கிறார். காது குத்துவது, மெருகு போடுவது, அறுந்ததைப் பற்றவைப்பது. புது நகை யாரும் கொடுப்பதில்லை. அறுபத்து மூன்றில் அவர் அப்பா உலையை மூடிவிட்டுச் சைக்கிள் கம்பெனியில் ஹெல்ப்பராகப் போனதைச் சொன்னார். "பதினாலு காரட்டுல என்னா தம்பி பண்ண முடியும்? வளைச்சா முறியும். எங்கப்பா ஒரே ஒரு மூக்குத்தி பண்ணிப் பாத்தாரு, தூக்கிப் போட்டுட்டாரு." பேசிக்கொண்டே அவர் கையில் வைத்திருந்தது கொக்கி விட்டுப்போன ஒரு சங்கிலி. மெஷினில் செய்தது. இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். "துபாய் சரக்கு. இது மாதிரி வாரத்துக்கு நாலு வரும். கண்ணி ரொம்ப மெல்லிசு, பத்தவைக்கறதுக்கே பயமா இருக்கும்." கூலி அறுபது ரூபாய் சொன்னார், சங்கிலிக்காரப் பெண் நாற்பதுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.